மறுபடி எண்ணூறு

ஊற்றுவது நாகவேணி.
தேய்ப்பது நான்.
பில் புத்தகத்தில் அவள் பெயர் மட்டும்.
சரிதான்,
உப்புத்தாளுக்கு யார் பில் போடுவார்கள்.

பர்கூர் கிரானைட் கம்பெனியில்
பதினாலு வருஷம் லைன் பாலிஷில் நின்றவன்.
எட்டடிக் கருப்புப் பலகை,
முடிந்ததும் குனிந்து பார்த்தால்
கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணலாம் அதில்.
இப்போது மடியில்
எலுமிச்சம்பழ அளவு ரெசின் வில்லை,
உள்ளே ஒரு கொத்து மாம்பூ.
கிரேன் இல்லை, பெல்ட் இல்லை.
ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீர்,
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு.

முதல் தாள் இருநூற்றிருபது.
அச்சிலிருந்து பளபளவென்று வந்தது
தாள் பட்டதும் கண் பூத்துப்போகிறது.
முதல் வாரம் பதறிக் கூப்பிட்டேன்,
கெடுத்துவிட்டேன் என்று.
தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:
"இன்னும் கெடுங்க."

நானூறு. எண்ணூறு. ஆயிரத்தைநூறு.
முந்தின தாளின் கீறலை அழிக்க
ஒவ்வொரு தாளும் தன் கீறலைப் போடுகிறது.
ஒன்று நெடுக்கே, அடுத்தது குறுக்கே.
தண்ணீர் பாலாகிறது.
கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடுகிறேன்.
கண் பொய் சொல்லும்,
நகத்துக்கு அந்தப் பழக்கமில்லை.

இரண்டாயிரத்தில் பூ தெளிந்தது.
கூடவே காம்பில் ஒட்டியிருந்த
தத்துப்பூச்சியும்.
அத்தனூண்டு உடம்பு, ஆப்பு மாதிரி.
நிஜமாகவே ஆப்புதான்.
போட்டோ எடுத்து, மன்னிக்கணும் என்று எழுதி அனுப்பினாள்
போச்சம்பள்ளி மருந்துக்கடை திம்மராயனுக்கு.
உடனே பதில்:
"அதுதாம்மா எனக்குச் சோறு போடுது.
மீதி ஒன்பதுலயும் ஒண்ணொண்ணு வருமா?"

அன்றிலிருந்து சாந்தூர்த் தோப்புகளில்
பூச்சி தேடி அலைகிறாள்,
மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து.

நான் டிரில்லில் கம்பளிச் சக்கரம் மாட்டினேன்.
கல்லென்றால் அழுத்தலாம்.
அழுத்திவிட்டேன்.
கல்லுக்கு இல்லாத குணம் இதற்கு உண்டு,
சூடு கண்டால் இளகும்.
நிறுத்திப் பார்க்கிறேன்,
பிடித்திருந்த ஓரத்தில்
என் கட்டைவிரல்.

போன மாதம் ரேஷன் கடையில்
இயந்திரம் நாலு தடவை இல்லையென்ற விரல்.
சேல்ஸ்மேன் அதைப் பிடித்து
தன் பேன்ட்டில் துடைத்து
மறுபடி வைத்துப் பார்த்தான்.
வரிசையில் பைகள் கை மாறின.
"கல்லு வேலைங்களா?" என்றான்,
வியாதியைக் கேட்பதுபோல.

இங்கே
வளைவுக்குள் வளைவாக,
நடுவில் ஒரு சுழியோடு,
கீழே தையல் விட்டதுபோல் ஒரு வெட்டு.
அது பதினாறு வயதில்,
கம்பெனிக்கு வருமுன்,
வெல்லம் உடைக்கையில் பட்டது.
மறந்தே போயிருந்தேன்.

கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.
பைபாஸில் ஓசூர்ப் பக்கம் போன லாரியின் விளக்கு
ஜன்னல் வழியே வந்து
அதன்மேல் ஏறி இறங்கியது.
பூவைவிட, பூச்சியைவிட
அதுதான் நன்றாகத் தெரிந்தது.

திம்மராயன் காசு கொடுத்தது பூவுக்கு.

மறுபடி எண்ணூறு.
நாலு இழுப்பில் வெட்டு போனது.
சுழி மட்டும் பிடிவாதமாக நின்றது,
ஆயிரத்தைநூறு வரைக்கும்.
பிறகு இரண்டாயிரம், மூவாயிரம்,
மெழுகு, சக்கரம், இந்தமுறை மெதுவாக.
இப்போது அதில் ட்யூப்லைட் தெரிகிறது.

தண்ணீரை ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு
வண்டலைப் பேப்பரில் மடித்து எறிவது வழக்கம்.
இன்று மடித்துவிட்டு
ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன்.

அடுத்த வில்லையை எடுத்தேன்.
தாளை ஆள்காட்டிவிரலுக்கும் நடுவிரலுக்கும்
இடையில் செருகி,
கட்டைவிரலைத் தூக்கியே வைத்துக்கொண்டு
தேய்க்கிறேன், கோணல்மாணலாக.
அரிசி போட இன்னும் பதினெட்டு நாள்.

"கட்டைவிரலில் என்ன, முள்ளா?"
என்றாள் நாகவேணி.
ஆமாம் என்றேன்.